பாதி மலை அக்கா

“மலை எங்கயும் போகாதுலா. பஸ்ஸு போயிரும்.”

இதைச் சொல்லிவிட்டு அக்கா திரும்பிவிடுவாள். எங்கே நிற்கிறோம் என்று பார்க்க மாட்டாள். உச்சிக்கு ஒரு வளைவுதான் பாக்கி இருக்கும். மரங்களின் தலைக்கு மேல் வானம் அகலத் தொடங்கியிருக்கும். மேலிருந்து இறங்குகிறவர்கள் முகம் சிவந்து, “இன்னும் அஞ்சு நிமிஷந்தாங்க்கா, வந்தது வந்துட்டீங்க” என்பார்கள். அக்கா அவர்களுக்கு ஒரு சிரிப்பைக் கொடுப்பாள். அவர்கள் தாண்டிப் போனதும் என் பக்கம் சாய்ந்து, “அஞ்சு நிமிஷம்னு சொல்றவங்க எல்லாம் காருல வந்தவங்க” என்பாள். கைப்பேசியில் அலறிக்கொண்டிருக்கும் அலாரத்தை அணைத்துவிட்டு இறங்க ஆரம்பிப்பாள்.

அவளோடு நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேராக் மாநிலத்து மலைகளை எல்லாம் பாதி பாதியாகத்தான் பார்த்தேன். தைப்பிங்குக்கு ரயிலேறிப் போய், மழையில் ஊறிக் கிடக்கும் அந்தப் பெரிய மலையில் பாதி. கம்பாரில் அருவிக்குப் போகும் பாதையில் பாதி. தண்ணீரின் சத்தம் கேட்டது, தண்ணீரைப் பார்க்கவில்லை. கோப்பேங் பக்கம் ஆற்றோரமாய்ப் போகும் தடத்தில் பாதி. எங்கள் இருவரிடமும் கார் கிடையாது. காரில் மலைக்குப் போகிறவர்களுக்கு மலை அடிவாரத்தில் தொடங்குகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஈப்போவில் பஸ் நிலையத்தின் சிமிண்டுப் பெஞ்சிலேயே தொடங்கிவிடுகிறது. காத்திருந்து காத்திருந்தே கால் பாதி ஓய்ந்துவிடும். பிறகுதான் ஏற்றம்.

அதிகமும் போனது ஒரே மலைக்கு. சுங்கை சிப்புட் போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் பின்னால் நிற்கும் சின்ன மலை. தலையில் கைப்பேசிக் கோபுரங்கள் இருப்பதால் நாங்கள் கோபுர மலை என்றோம். தோட்டம் போய் நாளாகிவிட்டது. முக்கால்வாசி எண்ணெய்க்காக நட்ட செம்பனை, மிச்சம் வீடமைப்பு. மலைச் சரிவில் மட்டும் யாரும் வெட்டிப்போடாத ரப்பர் மரங்கள் நிரை நிரையாய் நின்றன, உடம்பெல்லாம் பழைய வெட்டுத் தழும்போடு. அவற்றுக்கு நடுவில்தான் பாதை. அந்த வழித்தடத்தின் பஸ்ஸை ஓட்டியவன் ஒரு தமிழன், பையன் மாதிரி முகமும் நரைத்த தலையுமாய். மாலையில் நாங்கள் ஏறும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்துக் கேட்பான்:

“என்னக்கா, இன்னிக்காவது மேல போனீங்களா?”

“இல்ல தம்பி. பாதிதான்.”

“பாதி மலைக்கா இவ்ளோ வேர்வை?”

“நீ வந்து ஏறிப் பாருலா. வண்டிலயே ஒக்காந்து தொந்தி வளக்குற.”

பாதி மலை அக்கா என்று பெயர் வைத்தது அவன்தான். அக்காவுக்கு அதில் கோபம் இல்லை. சேறு ஒட்டிய சப்பாத்துக் காலோடு அவன் பஸ்ஸில் ஏறக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் கவலை. பாதை இறங்கி முடியும் அடிவாரத்தில் தோட்டக் காலத்து முனியாண்டி கோயில் ஒன்று உண்டு. அதன் குழாயில் சப்பாத்தின் அடியைக் குச்சியால் சுரண்டிக் கழுவி, பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டுதான் ரோட்டுக்கு வருவாள். நான் கழுவும்வரை குடையோடு நிற்பாள். வெயில் என்றாலும் நிற்பாள், மழை என்றாலும் நிற்பாள்.

அக்காவுக்கு வேலை, ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைப் பகுதியில். வாரம் முழுக்கப் படுக்கை விரிப்புகள். ஞாயிறு விடுப்பு. புந்தோங் பக்கம் லிஃப்ட் இல்லாத அடுக்குவீட்டில் அவள் மூன்றாம் மாடி, நான் அவளுக்கு நேர் கீழே இரண்டாம் மாடி. என் வீட்டுக் கூரை என்பது அவள் வீட்டுத் தரைதான். ஆகவே அவளைத் தெரிந்துகொள்ளும் முன்பே அவள் வீட்டுச் சத்தங்கள் எனக்குத் தெரியும். விடிவதற்கு முன் கழிவறை நாற்காலியின் சக்கரம் உருளும். பிறகு ஈரத்துணி இழுபடும். பிறகு ஒரு ஆணின் குழறும் குரல், அதற்கு ஒரு பெண்ணின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் ஒருநாள் மாடியேறிப் போனேன். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுச் சுவர்கள் என்னை நெருக்கத் தொடங்கியிருந்தன. எனக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. எங்கேயாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். போய் என்ன செய்வது என்றும் தெரியாது.

அந்த ஆண் குரல் அவள் கணவருடையது. எனக்கு அவர் அண்ணன். லாரியில் பாரம் ஏற்றி இறக்கிய உடம்பு. வாதம் அடித்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மூன்று மாடி இறக்க ஆளில்லாமல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் நாட்களைத் தவிர அவர் கீழே வந்ததே இல்லை. கூடத்தில் சன்னலோரம் கட்டில். சன்னலுக்கு வெளியே எதிர் அடுக்குவீட்டின் துணிகள். மகன் ஜொகூரில் இருந்தான்; தீபாவளிக்கு வருவான், அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவான்.

அக்கா மலையேற வந்ததே அவர் சொல்லித்தான். அக்காவுக்குச் சர்க்கரை கூடிப்போய், நட நட என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். “இவளோட நட தங்கச்சி” என்றார் அண்ணன் என்னிடம். “கார் பார்க்கச் சுத்திச் சுத்தி நடந்தா பைத்தியம் புடிக்கும். எங்கயாச்சும் மலைக்குக் கூட்டிட்டுப் போ. வந்து எனக்குச் சொல்லுங்க.”

அக்கா வேலைக்குப் போகும் பகல்களில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சீன அம்மா, நாங்கள் ஆ-சோ என்று கூப்பிடும் மனுஷி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவரோடு உட்கார ஒத்துக்கொண்டாள். ஆனால் மாலையில் அவளுடைய மகன் வந்து சாப்பிடக் கூட்டிப் போவான். அவன் ஹாரன் அடிக்கும்போது அக்கா வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு இன்ன பஸ். அந்தப் பஸ்ஸைப் பிடிக்க மலையில் இன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். அக்காவின் பாதி மலைகளுக்கு அவ்வளவுதான் காரணம். இதை அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. பஸ்ஸு போயிரும் என்பாள், முடிந்தது.

ஏறும்போது அவள் எதையும் பார்க்க மாட்டாள். பேச்சும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, எதையோ கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி போவாள். திரும்பிய நொடியில் வேறு ஆளாகிவிடுவாள். இறங்கும் வழியெல்லாம் நிற்பாள், குனிவாள், பறிப்பாள், முகர்வாள். மலாய்க்காரர்கள் பாக்கு என்று சந்தையில் விற்கும் பெரணித் தளிர், ஒரு நீலமான இறகு, பாசி பிடித்த கல், ஒரு பூச்சியின் கூடு.

“ஏன்க்கா, மேல போறப்ப இதெல்லாம் கண்ணுல படலையா?”

“எங்கம்மா பால்மரம் வெட்டறப்போ கூடப் போயிருக்கேன்லா. வெட்டிக்கிட்டே கடைசி மரம் வரைக்கும் போவாங்க. அப்ப மரத்துல கட்டுன மங்குல பாலு சொட்டு சொட்டாத்தான் இருக்கும், பாத்து என்ன செய்ய? ஸ்டோர்ல மணி அடிச்சதும் திரும்பி மொத மரத்துல இருந்து எடுத்துட்டு வரணும். அப்பத்தான் மங்கு நெறஞ்சிருக்கும். போறது வெட்டறதுக்கு. வாறதுதான் எடுக்கறதுக்கு.”

அவள் எடுத்து வந்ததெல்லாம் அண்ணனின் கட்டிலில் கொட்டப்படும். கொட்டை விழும் மாதங்களில் அவற்றோடு ஒரு பிடி ரப்பர் கொட்டையும் இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையைச் சிமிண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் தோலில் வைத்து அலற விடுவது. அக்கா கூடத்துத் தரையில் குந்தி உட்கார்ந்து தேய்ப்பாள். முதலில் அவருடைய நல்ல கையில் வைப்பாள்.

“சுடுதா?”

“அடியே, தோலு போச்சு.”

பிறகு செத்த கையில் வைப்பாள். முழங்கையின் உள்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கும் இடம்.

“சுடுதா?”

“இல்ல.”

ஒவ்வொரு ஞாயிறும் இதைச் செய்தாள். கொட்டை விழாத மாதங்களுக்கு மைலோ டின்னில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். “இல்ல” என்று அவர் சொன்னதும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும்.

பொய் தொடங்கியது முதல் ஞாயிறே. கோபுர மலைக்குத்தான் போயிருந்தோம். வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டிலில் தலையைத் தூக்கி, “மேல போனியா?” என்றார். அந்த முகத்தை நானும் பார்த்தேன். அந்த முகத்திடம் இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது.

“போனேன்” என்றாள் அக்கா.

“எப்படி இருந்துச்சு?”

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “காத்து” என்றாள். “நல்ல காத்துங்க. அப்படியே அதுமேல சாஞ்சு நிக்கலாம்.”

அதற்குப் பிறகு அந்த உச்சி வாராவாரம் வளர்ந்தது. நாற்காலி மாதிரி ஒரு பாறை வந்தது. அங்கே உட்கார்ந்தால் ஈப்போ முழுக்கத் தெரிந்தது. ரயில் நிலையத்தின் வெள்ளைக் கூரை, சுண்ணாம்பு மலைகள், நம்ம புளோக்கின் தண்ணீர்த் தொட்டிகூட. மாலையில் ஒரு கூட்டம் பறவைகள் மேலிருந்து வராமல் கீழிருந்து வந்தன. கேட்டுக் கேட்டு அந்தப் பாறை எனக்கும் பழகிவிட்டது. அதன் வழுவழுப்புகூட என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. “அவதான் அளக்கறா, நெசமா தங்கச்சி?” என்று அண்ணன் கேட்டால், “நெசந்தாண்ணே” என்பேன். அலுப்பான வாரங்களின் முடிவில் அந்தக் காற்று எனக்கும் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிறு மாலை அக்கா குளிக்கப் போயிருந்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து பெரணித் தளிரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் குரலைத் தாழ்த்தி, குழறாமல் இருக்க ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார்:

“தங்கச்சி. மேல அந்த வேலி இன்னும் இருக்கா?”

“எந்த வேலிண்ணே?”

அவர் வயிறு குலுங்கியது. சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. “அப்ப நீயும் போகல.”

கல்யாணத்துக்கு முன்னால், காண்ட்ராக்ட் வேலை பார்த்த காலத்தில், அந்தக் கோபுரங்களுக்குச் சிமிண்டு தூக்கினவர்களில் அவரும் ஒருவர். பாதி மலைவரை லாரி போகும். அதற்கு மேல் தோள்தான். உச்சியை வழித்துச் சமமாக்கி, சிமிண்டு போட்டு, சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே ஓயாமல் உறுமும் ஜெனரேட்டர். வேலிக்கு வெளியே ஆள் உயரத்துக்குப் புல், அதற்கு வெளியே மரம். எந்தப் பக்கமும் ஒன்றும் தெரியாது. உள்ளே நுழையாதே என்று ஒரு பலகை.

“அக்காவுக்குத் தெரியாதா?”

“நான் தூக்குன மலைங்க எத்தனை. எந்த மலைன்னு அவகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேனா? அவ அன்னிக்கு வந்து காத்துன்னா. நான் வேலின்னு சொல்ல வாயத் தொறந்தேன். அப்புறம் சொல்லல.”

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கண்ணால் காட்டினார்.

“ராவும் பகலும் எனக்கு இந்தக் காத்துதான். அவ மலை நல்லா இருக்குலா தங்கச்சி. நான் தூக்குன மலைல காத்தே இல்ல.”

குளியலறையில் தண்ணீர் நின்றது. அவர் அவசரமானார். “அவள மேல மட்டும் கூட்டிட்டுப் போயிராதே. அந்த வேலியப் பாத்தான்னா அப்புறம் எங்கிட்ட என்னத்தச் சொல்வா?”

“சரிண்ணே.”

அந்த ‘சரி’யை என்னால் இறக்கி வைக்க முடியாமல் போனது பிறகுதான்.

சில வாரங்கள் கழித்து, செத்த கையில் கொட்டையை வைத்தபோது அண்ணன் புருவத்தைச் சுருக்கினார்.

“சுடுதா?”

“லேசா” என்றார். “லேசாச் சுடுது.”

அக்கா கொட்டையைக் கீழே போட்டுவிட்டாள். மறுபடி எடுத்து, மறுபடி தேய்த்து, மறுபடி வைத்தாள். “சுடுது” என்றார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ போல. அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை.

ஆக அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பொய்கள் கைமாறின. அவள் காற்றைக் கொடுத்தாள். அவர் சூட்டைக் கொடுத்தார். நடுவில் நான் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

அக்காவுக்குத்தான் முதலில் அலுத்தது. ஒரு மாலை பஸ்ஸில், சன்னலில் தலை சாய்த்து, கண்ணை மூடியபடியே சொன்னாள்:

“பொய் சொல்லிச் சொல்லி நாக்கே வறண்டு போச்சு. அவரு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கேக்கறாரு. எனக்கு அவரு கண்ணப் பாக்க முடியல. டாக்டர் வேற, இன்னொரு தடவ வாதம் வந்தா அவரு தாங்க மாட்டாருன்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் நெசமா மேல போயி, நெசமாப் பாத்துட்டு வந்து சொல்லணும். ஒரே ஒரு தடவ.”

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பனை, செம்பனை, ஒரு பெட்ரோல் நிலையம், செம்பனை.

“என்ன, பேச மாட்டேங்கிற?”

“போலாம்க்கா” என்றேன். வேறு என்ன சொல்வது. மேலே போகக்கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அவள் மலை அங்கேயே இடிந்து விழும்.

ஆ-சோவிடம் பேசி வைத்தாள். அந்த ஞாயிறு மகன் வந்தாலும் காத்திருக்கச் சொல்வதாக ஆ-சோ ஒத்துக்கொண்டாள். அக்கா பையில் இரண்டு தண்ணீர்ப் புட்டி வைத்தாள், புதுச் சப்பாத்துக் கயிறு கட்டினாள். பஸ் வரவில்லை. பஸ் நிலையத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறி எங்கள் பெஞ்சுவரை வந்து, மடியில் ஏறி, முகத்தில் ஏறியது. கேட்டால், வரும் என்றார்கள். அக்கா எழுந்து எழுந்து போய் ரோட்டைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தபடி, வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் களைப்பாக இருந்தது.

ஒருவழியாக வந்தது. மலையில் கால் வைக்கும்போதே மேகம் இறங்கியிருந்தது. ரப்பர் நிரைகளுக்கு நடுவே மழை பிடித்தது. வழக்கமாகத் திரும்பும் வளைவில், விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் பக்கத்தில், அலாரம் அடித்தது. பாதை தண்ணீராய் ஓடி வந்துகொண்டிருந்தது.

அக்கா நின்றாள். ஆ-சோவைக் கூப்பிட்டுப் பார்த்தாள், கைப்பேசியில் சிக்னல் கோடு கிடைக்கவில்லை. கோபுரத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு கோடு கிடைக்கவில்லை என்று அவளே சிரித்தாள். மேலே பார்த்தாள். மழையில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குமா?”

“தெரியலக்கா.”

பிறகு அவள் குடையை மறுகைக்கு மாற்றி, “பஸ்ஸு போயிரும்” என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

அன்று மாலையும் அண்ணன் கேட்டார். “போனியா?”

“போனேன்.”

“காத்து?”

“இன்னிக்கு மழைக் காத்துங்க. ஈரமா. கண்ணுக்குள்ள எல்லாம் வந்துச்சு.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் காற்று அவர் நெற்றியில் பட்ட மாதிரிதான் இருந்தது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை இல்லை. அக்கா மலையிலும் இல்லை, சலவை இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். ஒரு சாதாரண வேலை நாள். பஸ்ஸுக்காக ஓடி ஓடி எந்த நேரத்தைக் காப்பாற்றி வைத்தாளோ அந்த நேரத்தில் அவர் சாகவில்லை. மூன்று மாடியும் அவரைத் தூக்கி இறக்கினார்கள். மகன் முன்னால் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மேலே சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியே பஸ்ஸேறினேன். ஏதோ ஊருக்குப் போய், இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பினேன். கோபுர மலைப் பஸ்ஸில் ஒருநாள் ஓட்டுநர் கேட்டான், “எங்க உங்க பாதி மலை?” அண்ணன் போனதைச் சொன்னேன். அவன் அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்து மூடினான். பிறகு, “வரச் சொல்லுங்கக்கா, பஸ்ஸு இருக்கு” என்றான்.

கொட்டை வெடித்து விழும் மாதம் வந்தபோது அக்காவே கீழே இறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். மெலிந்திருந்தாள். “நாளைக்குப் போலாமா?”

பஸ் நேரத்துக்கு வந்தது. வானம் துடைத்த மாதிரி இருந்தது. தடுக்க எதுவுமே இல்லாத நாள். அக்கா வழக்கம்போல் தலை குனிந்து ஏறினாள். விழுந்த மரத்தின் பக்கத்தில் அலாரம் அடித்தது. அந்த அலாரத்தை அவள் இன்னும் கைப்பேசியிலிருந்து நீக்கவில்லை. அணைத்தாள். திரும்பவில்லை.

“அக்கா, பஸ்ஸு…” என்றேன்.

“அடுத்த பஸ்ஸு இருக்குலா.”

“மலை எங்கயும் போகாதுக்கா. இன்னொரு நாள்…”

“எனக்காக யாரு காத்துக்கிட்டிருக்கா?” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

செத்தவரிடம் சொன்ன ‘சரி’ என் காலில் கட்டிய கல்லாய்ப் பின்னால் வந்தது. ஐந்து நிமிஷம் என்றவர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

வேலி இருந்தது. துருப்பிடித்து, கொடி ஏறி, அண்ணன் சொன்ன இடத்திலேயே. உள்ளே எதுவோ உறுமிக்கொண்டிருந்தது. பலகை. புல். மரம். காற்று இல்லை; ஒரு இலைகூட அசையவில்லை. அக்கா வேலியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்பது போல. திரும்பி வந்து கம்பியில் விரலை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவுதானா?”

நான் பலகையின் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்ல வேளை” என்றாள். “அவரு பாக்கல. அவ்ளோ தூரம் அளந்துட்டேன், இங்க பாரேன், ஒன்னுமே இல்ல. தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் என்ன நெனச்சிருப்பாரு.”

அவள் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. காலம் கடந்து வந்த வெட்கம். அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை.

“அவருக்குத் தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“இங்க வேலி இருக்குன்னு. காத்து இல்லைன்னு. நீங்க வரலைன்னு. இதுக்குச் சிமிண்டு தூக்குனதே அவருதான், கல்யாணத்துக்கு முன்னால.”

அக்கா வேலியின் அடியைப் பார்த்தாள். கம்பிகளை ஊன்ற முழங்கால் உயரத்துக்குச் சிமிண்டுத் திண்டு கட்டியிருந்தார்கள். கறுத்து, பாசி படிந்து.

“மொதல்ல இருந்தேவா?”

“மொத நாள்ல இருந்தே. உங்க மலைதான் நல்லா இருக்குன்னு சொன்னாரு. உங்கள இங்க கூட்டிட்டு வரக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்காத குறை.”

அக்கா திண்டில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவள் தோள் மட்டும் தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு ரப்பர் கொட்டையை எடுத்தாள். திண்டின் விளிம்பில், பாசி இல்லாத ஒரு இடத்தைத் தேடி, தேய்க்கத் தொடங்கினாள். பரபரவென்று, தோள் குலுங்க. பிறகு தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.

“சுடுது” என்றாள்.

கொஞ்சம் கழித்து, நிமிராமலே சொன்னாள்: “கடைசில அவருக்கும் சுட்டுச்சு தெரியுமா? நீ இருந்தியே. கை திரும்பிக்கிட்டிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா…”

வேலிக்குள் ஜெனரேட்டர் ஒரு தரம் இருமி, மறுபடி உறுமியது.

“ஆமாக்கா” என்றேன். “நான் பாத்தேனே. திரும்பிக்கிட்டிருந்துச்சு.”

இறங்கும்போது அவள் முதலில் எதையும் எடுக்கவில்லை. ரப்பர் நிரைகளுக்கு வந்ததும் குனிந்தாள். ஆ-சோவுக்கு என்று ஒரு கட்டுப் பெரணித் தளிர். கோயில் குழாயில் சப்பாத்தைக் கழுவினாள். எனக்குக் குடை பிடித்தாள். நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம் என்பது மட்டும் தெரியும், அடுத்ததில் அவன்தான் வந்தான்.

எங்களைப் பார்த்ததும் ஓட்டுநர் கதவைத் திறந்தான். அக்கா பஸ் அட்டையைத் தட்டிவிட்டு அவன் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. அவன் கண்ணாடியில் பார்த்தான்.

“பாதியாக்கா?”

“இல்ல தம்பி. இன்னிக்கு மேல போயிட்டேன்.”

“மெய்யாவா. மேல என்னக்கா இருக்கு?”

அக்கா சன்னல் பக்கம் திரும்பினாள். முழங்கையின் உள்பக்கம் சிவந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரமும் கட்டிலோரம் சொன்ன அதே குரலில், அவசரமில்லாமல் சொன்னாள்:

“காத்து தம்பி. நல்ல காத்து. அப்படியே அதுமேல சாஞ்சு நிக்கலாம்.”